பிரித்தவன் நான், எடுத்தவள் அவள்

கலைச்செல்விக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள். விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் என் வயிற்றெரிச்சல் அடங்காது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், வெட்ட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

விழாக் குழுச் செயலாளர் போனில், "அந்தக் காலத்துல மேடம்கூட உக்காந்து வேலை பாத்தவரு நீங்க ஒருத்தர்தான் சார். உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரிந்துதான் தொல்லை. இணைய முகவரித் தகராறுகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் பட்டியலில் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர்தான் இருக்கிறார், அது கலைச்செல்வி. அந்த ஆள் நானாக இருந்திருக்க வேண்டும். நான் இப்படி நினைப்பது கோர்ட்டு வாசல் டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும், கலைச்செல்விக்கும் தெரியும். அதனால் அச்சில் வந்து புதிதாக எந்த மானமும் போய்விடாது. மலரில் 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எதிர் மேசையில் உட்கார்ந்து என் முறுக்குப் பொட்டலத்தைப் பாதிக்குப் பாதி தின்றவளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேண்டுமானால் குழுவினரே மரியாதையைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

அரியலூர் கோர்ட்டில் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அப்போது சென்னையில் டிரேட்மார்க் என்கிற வர்த்தகச் சின்ன வழக்குகளில் பெயர் வாங்கிய ஒரு வக்கீல் பெரம்பலூருக்கே வந்து குடியேறி ஆபீஸ் போட்டார். ரயிலே வராத ஊரில் உட்கார்ந்துகொண்டு டெல்லி வேலை பார்க்கிறாராம் என்று ஊர் சிரித்தது. "ரயில் வராட்டி என்னய்யா, இமெயில் வருதுல்ல?" என்பார் அவர். அவரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். இங்கிலீஷ் திருந்தியது, திட்டு வாங்கியது எல்லாம் எல்லா ஜூனியருக்கும் நடப்பதுதான், அதை விட்டுவிடுகிறேன். சில வருஷம் கழித்து, பூலாம்பாடியிலிருந்து பஸ் ஏறிக் கலைச்செல்வி வந்து சேர்ந்தாள். அதுவரைக்கும் அந்த ஆபீஸில் நான் ஒற்றைப் பிள்ளையாக இருந்தேன்.

வேலை என்னவென்று இளையவர்களுக்காகச் சொல்கிறேன். இணையத்தில் முகவரி பிடிப்பது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். முதலில் போட்டவனுக்கு இடம். நீங்கள் காலம் காலமாக ஒரு பெயரில் கடை நடத்தியிருப்பீர்கள். எங்கேயோ இருக்கும் ஒருத்தன் அந்தப் பெயரை இணையத்தில் பதிந்துகொண்டு, "வேணும்னா விலைக்கு வாங்கிக்க" என்பான். அதை மீட்கக் கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை. முகவரிப் பதிவை நடத்தும் டெல்லி அமைப்பிடம் புகார் கொடுத்தால் அவர்கள் ஒரு நடுவரை நியமிப்பார்கள். நடுவர் இரண்டு தரப்புக் காகிதங்களையும் படித்து, முகவரி யாருக்கு என்று எழுதிவிடுவார். கூண்டு கிடையாது, சாட்சி கிடையாது, யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். காகிதம் பேசினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

புகார் கொடுப்பவர் மூன்று விஷயத்தை நிரூபிக்க வேண்டும். முகவரியில் இருப்பது நம் பெயர், அல்லது பார்த்தால் குழம்புகிற அளவுக்கு நம் பெயர் மாதிரி. எதிராளிக்கு அந்தப் பெயரில் எந்த நியாயமான உரிமையும் இல்லை. அவன் கெட்ட எண்ணத்தோடு அதைப் பிடித்து வைத்திருக்கிறான். சீனியர் இதை முக்காலி என்பார். "முக்காலிய்யா இது. ரெண்டு கால் தேக்குல இருந்து என்ன, மூணாவது கால் ஒடிஞ்சிருந்தா குண்டி தரையில."

என் முதல் வெற்றி பெரம்பலூர் செக்கு எண்ணெய்க்காரர் ஒருவருக்காக. அவர் கடைப் பெயரை வடக்கே ஒருத்தன் பதிந்து வைத்திருந்தான். கோபத்தில் உடனே நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். சீனியர் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல அந்தப் பக்கத்தைப் படம் புடிச்சு வையி. தேதி தெரியணும். திருடன் வூட்டுக் கதவைத் தட்டிட்டா போட்டோ எடுக்கப் போவ?" அவர் சொன்னது போலவே, நோட்டீஸ் கிடைத்த உடனே அவன் பக்கத்தையே துடைத்துவிட்டான். நாங்கள் எடுத்து வைத்திருந்த படம்தான் முகவரியை மீட்டுக் கொடுத்தது. எண்ணெய்க்காரர் ஒரு டின் நல்லெண்ணெய் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டார். சீனியர் என்னைப் பார்த்து, "சரி, அடுத்த கேஸ் கட்டை எடு" என்றார்.

அந்த மனுஷனிடம் பாராட்டு வாங்குவது அவ்வளவு லேசில்லை. தப்பு என்றால் வாயைத் திறக்க மாட்டார், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் நாம் எழுதியதை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்துவிடுவோம். திருப்தி என்றால் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார், "ஒரு டீ கொடுத்து வுடு" என்று. ஆபீஸ் வீட்டின் முன்பக்கம் இருந்தது. சாதாரண டீ கடையிலிருந்து எல்லாருக்கும் வரும். உள்வீட்டு டீ வேறு. சீனியர் சம்சாரம் இஞ்சி தட்டிப் போட்டு எவர்சில்வர் டம்ளரில் அனுப்புவார். அது ஜெயித்த ஆளுக்கு மட்டும்தான்.

ஜெயிப்பது என்றால் நடுவரிடம் ஜெயிப்பது இல்லை. அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒரு புகாரை ஒரு ஜூனியர் எழுதினால், அது வெளியே போவதற்கு முன்னால் இன்னொரு ஜூனியர் எதிராளியாக மாறி அதற்குப் பதில் எழுத வேண்டும். ஒரு நாள் அவகாசம். மறுநாள் காலையில் இரண்டு பேரும் சீனியர் முன்னால் வாதாட வேண்டும். புகார் தாங்கினால் எழுதினவருக்கு டீ, உடைந்தால் உடைத்தவருக்கு டீ. அநேகமாக நான் எழுதுவேன், அவள் உடைப்பாள். சத்தம் போட மாட்டாள், புத்தகத்தை மேற்கோள் காட்ட மாட்டாள். "அண்ணே, ஒரே ஒரு கேள்வி" என்பாள். அந்த ஒன்றில் என் முக்காலி சாயும். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடிப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த இஞ்சி வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆசை இருந்தது. இந்த வேலையில் ஊறினவர்களில் ஒருவரை ஒரு நாள் நடுவர் பட்டியலில் சேர்ப்பார்கள். சீனியருக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அவருக்கு அடுத்தபடியாக அந்த வாய்ப்பு எங்களில் யாருக்கு? மூத்தவன் நான். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை, மீன்சுருட்டி என்ற ஊர்க்காரர் ஒருவர் வரும் வரைக்கும்.

அவர் ஒரு பஸ் முதலாளி. பெயர் சொல்ல மாட்டேன், கட்சிக்காரர் ரகசியம். அப்பா பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் ஓடும் பஸ்கள். அப்பா போன பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே அப்பா பெயரிலேயே ஓட்டினார்கள். அண்ணனுக்கு ரூட் பஸ்கள். தம்பிக்குச் சென்னைக்குப் போகும் ஆம்னி பஸ்கள். பிறகு ஜனங்கள் டிக்கெட்டை இணையத்தில் எடுக்க ஆரம்பித்தார்கள். அண்ணனும் புதிதாக ஆம்னி பஸ் வாங்கி விட்டார். அப்போதுதான் அப்பா பெயரில் இருந்த இணைய முகவரி தம்பி கையில் இருப்பது அவருக்கு உறைத்தது.

ஒரு பை முந்திரியோடு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே கண் கலங்கிவிட்டது. "எங்கப்பா பேருங்க. எங்கப்பாவுக்கு நான்தான் தலைப்புள்ள, கொள்ளி வச்சவன். அந்தப் பேரைக் கம்ப்யூட்டர்ல தட்டுனா அவன் வண்டி வருது. எவ்வளவு செலவானாலும் சரி, அந்தப் பேரு எனக்கு வரணும்."

நான் உருகிப் போனேன். வேஷம் இல்லை, நிஜமாகவே உருகினேன். மூத்தவனாக இருந்து, பின்னால் வந்தவள் டீ குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் அந்த வலி தெரியும். என் வாழ்நாளில் எழுதிய நல்ல புகார் அதுதான். பெயர் ஒன்றே, அதில் மறுபேச்சு இல்லை. பிரிவினைக்குப் பிறகு அண்ணனான பெரியவர் அந்தப் பெயரைத் தன் பேரில் வர்த்தகச் சின்னமாகவும் பதிந்திருந்தார். அண்ணன் பஸ்ஸைத் தேடி வருகிற பயணிகள் தம்பியின் இணையப் பக்கத்துக்குப் போய்ச் சேர்வதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணைத்தேன். மூன்று காலும் தேக்கு. சீனியர் படித்து முடித்துவிட்டு, "கலைச்செல்விகிட்ட கொடு" என்றார். இந்த முறை டீ எனக்குத்தான் என்று வீட்டில் சம்சாரத்திடம்கூடச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் வாதம். பெரியவர் கையெழுத்துப் போட முன்கூட்டியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கலைச்செல்வி கையில் அரைப்பக்கம்கூட எழுதிக்கொண்டு வரவில்லை. நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

"சார், நான் தங்கராசு அண்ணன்கிட்ட கேக்குறதுக்குப் பதிலா ஐயாகிட்டயே ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

சீனியர் தலையாட்டினார். அவள் பெரியவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, பாகத்தைப் பிரிச்சது யாருங்க?"

"நான்தாம்மா. பெரியவன் பிரிக்கணும், சின்னவன் எடுக்கணும். நம்ம பக்கத்து வழக்கம் தெரியாதா ஒனக்கு?"

"தெரியுமுங்க. புக்கிங் ஆபீஸை எந்தப் பங்குல வச்சீங்க?"

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அந்த ஆம்னி வண்டிங்க அப்ப ஓட்டை வண்டிங்கம்மா. கடன் வேற. அதைத் தனியா வச்சா அந்தப் பக்கம் கொறையுமே. அதான் ஈடுகட்ட பெரம்பலூர் புக்கிங் ஆபீஸையும் சேத்து வச்சேன்."

"ஆபீஸுன்னா, என்னென்னங்க?"

"மேசை, நாற்காலி, போனு, அந்தக் கம்ப்யூட்டரு, அதுல என்னென்ன உண்டோ அம்புட்டும். அப்ப அதைப் பெரிசா யாரு நெனைச்சா? சொந்தபந்தம் முன்னாடி வாயால சொல்லித்தான் வச்சேன். அவன் அந்தப் பக்கத்தை எடுப்பான்னு யாரு கண்டா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை, சீனியரைத்தான் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிரிக்கிறவன் நேர்மையாகப் பிரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எடுக்கிற உரிமையை மற்றவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிரித்தவன் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. தம்பி அந்த முகவரியைத் திருடவில்லை, அண்ணன் தன் வாயாலேயே கொடுத்திருக்கிறார். உரிமை இல்லை என்ற இரண்டாவது கால் போயிற்று. கெட்ட எண்ணம் என்ற மூன்றாவது காலும் போயிற்று. அரியலூரில் எத்தனையோ பாகப்பிரிவினை வழக்கு நடத்தியவன் நான். அந்தக் கேள்வி எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

சீனியர் பெரியவரிடம் நிதானமாகச் சொன்னார். "ஐயா, இது தெரிஞ்சப்புறம் நான் புகார் அனுப்ப முடியாது. உங்க தம்பி இதைச் சொன்னா, தோக்குறது மட்டும் இல்ல. அடுத்தவன் பேரைப் பறிக்கத்தான் புகார் கொடுத்திருக்காருன்னு நடுவர் எழுதலாம். அந்தத் தீர்ப்பு இணையத்துல கெடக்கும். உங்கப்பா பேரைத் தட்டுனா அதுவும் வரும்."

"அப்ப எங்கப்பா பேரு எனக்கு இல்லயா?" என்றார் பெரியவர். கையெழுத்துப் போட எடுத்த பேனாவைத் திரும்பச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

சீனியர் உள்ளே பார்த்து, "ஒரு டீ கொடுத்து வுடு" என்றார். டம்ளர் அவளிடம் போனது. அவள் இன்னொரு டம்ளரில் பாதியை ஆற்றி என் மேசையில் வைத்தாள். "புகாரு ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே" என்றாள். பரிகாசமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், மனசாரத்தான் சொன்னாள். குடித்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது. அதுவும் சேர்ந்து எரிந்தது.

பெரியவர் சம்மதத்தோடு சீனியர் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். சின்னவர் வந்து அண்ணனுக்கு நேரே உட்காராமல் கதவோரம் நின்றார். சீனியர் பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே பெரியவர் கேட்டுவிட்டார்.

"ஏண்டா, தங்கமாட்டம் ரூட் பஸ்ஸு பங்கு இருக்க, நீ ஏண்டா அந்த ஓட்டைப் பங்கை எடுத்த? இப்புடியெல்லாம் வரும்னு தெரிஞ்சேதான் எடுத்தியா?"

"எனக்கு என்னண்ணே தெரியும்? ரெண்டு தாம்பாளத்துலயும் வண்டிச் சாவிய ஒன்ன வைக்கச் சொன்னாங்க, என்னைய எடுக்கச் சொன்னாங்க. ஆம்னி சாவிய வச்சுட்ட. ரூட் பஸ்ஸு சாவிய மட்டும் நீ கையிலயே வச்சுகிட்டு நின்ன. கீழ வைக்கவே இல்ல. அதை ஒங்கையிலேருந்து நான் எப்புடிண்ணே புடுங்கறது?"

பெரியவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தம்பியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். முகவரி தம்பியிடமே இருப்பது, அதைத் திறந்தால் இரண்டு பேர் பஸ்ஸும் வருவது என்று கலைச்செல்வி ஒப்பந்தம் எழுதினாள். உடனே எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். இணையப் பக்கத்தில் யார் பஸ் மேலே, யார் பஸ் கீழே என்று பெரியவர் ஒரு சண்டை போட்டார். மூத்தவர் பஸ்தான் மேலே என்று முடிவானது. அந்த ஒன்றில் எனக்குத் திருப்தி.

அதற்குச் சில வருஷம் கழித்து சீனியருக்குச் சர்க்கரையால் கண் மங்கியது. ஆபீஸை மூடுவது என்று முடிவு செய்து எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் சம்சாரமும் நிலைப்படியில் வந்து நின்றார்.

"எனக்கு வேற வாரிசு யாரு? நீங்க ரெண்டு பேருதான். நம்ம பக்கத்து வழக்கப்படியே செஞ்சுடுவோம். தங்கராசு, நீ மூத்தவன், பிரி. கலைச்செல்வி எடுக்கட்டும்."

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பிரித்தேன். ஒரு மேசையில் வர்த்தகச் சின்னக் கட்சிக்காரர்களின் கட்டுகள்: எண்ணெய்க்காரர், அரிசி ஆலை, ஊறுகாய், பட்டாணிக் கடலை. பதிவு, புதுப்பிப்பு என்று வருஷா வருஷம் தவறாமல் வரும் வேலை. அதோடு கோர்ட்டுக்கு எதிரே சீனியர் எங்களுக்காகப் பார்த்து வைத்திருந்த வாடகை அறை, சீனியரின் நாற்காலி. இன்னொரு மேசையில் இணைய முகவரி வழக்குகள். அது எப்போது வரும், எப்போது வராது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு ஈடுகட்டக் கம்ப்யூட்டர், பிரிண்டர், வெளிநாட்டு நடுவர்களின் தீர்ப்புகள் அடங்கிய அலமாரி, டெல்லிக்காரர்களுக்குப் பழக்கமான ஆபீஸ் இமெயில் எல்லாவற்றையும் சேர்த்தேன். நடுவர் ஆசை எனக்கு இருந்ததே, அதையும் யோசித்தேன். தேர்ந்தெடுக்கிறவர்கள் சீனியர் பார்த்த அறையையும் அவர் நாற்காலியையும் வைத்திருப்பவனைத்தான் அவர் வாரிசு என்று பார்ப்பார்கள், அவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் மற்றது தானாக வரும் என்பது என் கணக்கு. தராசு இரண்டு பக்கமும் சமம் என்று சாமி சத்தியமாக நம்பினேன். அதுதான் வயிற்றெரிச்சல். ஏமாற்றிப் பிரித்திருந்தால் தெய்வம் தண்டித்தது என்று ஆறுதலாவது கிடைத்திருக்கும்.

கலைச்செல்வி இரண்டு மேசையையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நான் கம்ப்யூட்டர் பக்கத்தை எடுத்துக்கறேன் சார்" என்றாள்.

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பாவம், இந்தப் பெண் தப்பான பங்கை எடுத்துவிட்டதே என்று அவர் வருத்தப்படுவதாக நினைத்துக்கொண்டேன். அவருக்குத்தான் பார்வையே இல்லையே, எதைத் துடைக்கிறார் என்றுகூட மனசுக்குள் கேலி பண்ணினேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வர்த்தகச் சின்னம் பதிவதை இணையத்திலேயே, எங்கேயோ இருக்கும் ஏஜெண்டுகள் செய்து கொடுக்க ஆரம்பித்தார்கள். ஊறுகாய் போயிற்று, அரிசி ஆலை போயிற்று. எண்ணெய்க்காரர் மட்டும் பழைய விசுவாசத்தில் வருவார். ஆனால் தெருவுக்குத் தெரு இணையத்தில் கடை போட்டார்கள், பெயரைத் திருடுகிறவனும் பெருகினான். அரியலூரில் மருந்துக் கடை மாடியில் ஒரு அறையில் உட்கார்ந்த கலைச்செல்வியைத் தேடி கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் புகார்கள் வந்தன. நடுவர் பட்டியலுக்கு நானும் விண்ணப்பித்தேன், அவளும் விண்ணப்பித்தாள். சமீபத்தில் எத்தனை முகவரி வழக்கு நடத்தினீர்கள் என்று கேட்டார்கள். நாற்காலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் பெயர் பட்டியலில் வந்த அன்று போன் செய்து, "உங்க ஆசீர்வாதம்ணே" என்றாள். "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

இந்தத் தீர்ப்புகளை யாரும் இணையத்தில் படிக்கலாம். அவள் எழுதியது ஒன்று விடாமல் படித்திருக்கிறேன், தப்பு கண்டுபிடிக்கத்தான். ஒவ்வொன்றுக்கும் எதிராளியாக மாறிப் பதில் யோசிப்பேன். இதுவரைக்கும் ஒன்றும் பெரிதாக உடையவில்லை. என்னைவிட அக்கறையாக அவள் தீர்ப்பைப் படித்தவர் இந்த விழாக் குழுவில் யாரும் இருக்க முடியாது, அதையும் ஒரு பாராட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் இடுப்பு வலி பொறுக்காமல் தொழிலை நிறுத்தினேன். இந்தக் கட்டுரையைக் கேட்டதும், எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி பாக்கி இருப்பதாகத் தோன்றியது. அரியலூருக்குப் பஸ் ஏறினேன். ஏறின பிறகுதான் நெற்றியில் இருந்த பெயரைப் பார்த்தேன், மீன்சுருட்டிப் பெரியவர் பஸ். மருந்துக் கடை மாடிப் படி என் இடுப்பைப் பதம் பார்த்தது.

"வாங்கண்ணே, போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேன்ல" என்று எழுந்து வந்தாள். மேசையில் ஏதோ வழக்குக் காகிதங்கள் விரிந்திருந்தன. நான் பார்ப்பதற்குள் கவிழ்த்து வைத்துவிட்டாள். நடுவர் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

டீ வந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டேன். "ஏம்மா, அன்னைக்கு ஏன் அந்தப் பங்கை எடுத்த? இப்படியெல்லாம் வரும்னு ஒனக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

கேட்டு முடித்த பிறகுதான், இதே கேள்வியை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது.

அவள் சிரித்தாள். "எனக்கு என்னண்ணே தெரியும்? அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"மேசைகிட்டதான் நின்னேன்."

"சார் நாற்காலி மேல கை வச்சுகிட்டு நின்னீங்க. நான் உள்ள வந்ததுலேருந்து கையை எடுக்கவே இல்ல. அந்தப் பங்கை நான் எப்படிண்ணே எடுக்கறது? சார் கண்ணாடியைத் தொடச்சாரே, பாக்கலயா நீங்க?"

சீனியர் யாருக்காகக் கண்ணாடியைத் துடைத்தார் என்று அந்த மாடியில்தான் தெரிந்துகொண்டேன். பார்வை மங்கின மனுஷனுக்கும் என் கை தெரிந்திருக்கிறது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "உண்மையச் சொல்லட்டுமாண்ணே? எனக்கும் அந்தப் பங்குதான் வேணும்னு இருந்துச்சு. வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த நேரம். நிச்சயமா வருமானம் வர்ற பங்கு அது. மனசு கெடந்து அடிச்சுகிச்சு. பொறவு ரொம்ப நாளைக்கு, கோர்ட்டு எதிர உங்க போர்டைப் பாத்தா எனக்குத் தாங்காது. பஸ்ஸு அந்த எடத்துக்கு வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவேன்."

"எம்மேல பொறாமையா? ஒனக்கா?"

"பின்ன? கொஞ்சமாவா பட்டேன்!"

இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஜீவன் இவள்தான். அதையும் சொல்லாமலே மறைத்து வைத்திருந்திருக்கிறாள். அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை நாள் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்! பொறாமைப்படுவதில்கூட அவள் என்னைவிட நாகரிகமாகப் பட்டிருக்கிறாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் ஆத்திரமும் வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்டார்.

மலர்க் குழுவினருக்குக் கடைசியாக ஒரு விஷயம். இதை சீனியரின் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினேன். இடுப்புக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் எழுதினேன். விழா அன்று காலையில் ஆள் அனுப்பினால் நாற்காலியைக் கொடுத்து விடுகிறேன். மேடையில் நடுவில் போடுங்கள். கலைச்செல்வி அதில்தான் உட்கார வேண்டும், நான் எதிரே முதல் வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன். விழா முடிந்ததும் நாற்காலியை மறக்காமல் என் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.